ஒன்றேகால் ரூபாய் வீதம்

ராஜபாளையத்தில் இருந்த என் மாமா யாருக்கும் இல்லையென்று சொல்லி நான் பார்த்ததில்லை. கோயில் கொடைக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள், மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வருகிறவர்கள், பஸ்ஸில் பணப்பையைத் தொலைத்துவிட்டேன் என்று வருகிறவர்கள் எல்லாரும் அவர் வீட்டு வாசலில் நின்று ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போவார்கள். பணப்பையைத் தொலைத்தவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொலைத்தார். மாமாவுக்கு அது தெரியும். “போட்டும்டி, பாவம். அவனுக்கு வேற கத சொல்லத் தெரியல” என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒன்றேகால் ரூபாய்க்கு முரண்டு பிடித்தார். அதில் அவருக்கு நானும் ஒத்தாசையாக இருந்தேன்.

மாமா வைத்திருந்தது பேண்டேஜ் கம்பெனி. பெயர்தான் கம்பெனி. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தகடு வேய்ந்த நீளமான ஒரு கொட்டகை, அவ்வளவுதான். தறியில் நெய்து வெளுத்து வந்த மெல்லிய துணியை அகலவாரியாகக் கிழித்து, கையால் சுற்றுகிற சின்ன மெஷினில் உருட்டி, நீலத்தாள் சுற்றி ஒட்டி, டஜன் டஜனாகக் கட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். பதினான்கு பெண்கள் இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். துணி கிழிபடும்போது பறக்கிற தூசி மேலெல்லாம் படிந்து, சாயங்காலம் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது இளவயதுக்காரிகளுக்கும் புருவம் நரைத்திருக்கும். குழாயடியில் முகம் கழுவியதும் இளமை திரும்பிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஐந்தரை மணிக்குக் குழாயடியில் போய் நின்றுகொள்வேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லாததால், பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே என்னைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே எனக்கு எல்லாம் நடக்கும். கொட்டகைக்குள் போய் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். நான் உட்கார்ந்தது சவரியம்மா பக்கத்தில்.

சவரியம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பதினான்கு பேரில் அவர் கைதான் வேகம். ஆனால் அவர் உருட்டிய சுருளைக் கீழே போட்டால் அவிழாது, கல் மாதிரிக் கிடக்கும். எனக்கும் சுற்றக் கற்றுக்கொடுத்தார். நான் சுற்றியது கீழே வைப்பதற்கு முன்பே அவிழ்ந்து ஓடும். “துணிய நம்பாத பாப்பா, பெருவிரல நம்பு” என்பார். அவரை நான் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். மாமா அப்படிக் கூப்பிட்டார், அத்தை அப்படிக் கூப்பிட்டாள், நானும் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது கை அப்படி எழுத மறுக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், அரைப்பரீட்சை லீவுக்கு அப்பா என்னைக் கொண்டுவிட வந்தபோது மாமாவின் முகம் சரியாக இல்லை. வழக்கமாகப் பால்கோவா டப்பாவைக் கையில் வாங்கிய உடனே திறந்து ஒரு வாய் போட்டுக்கொள்கிறவர், அன்று அதை வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. இந்த மாதிரிக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் வைத்திருந்த கூலியைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வரும். அதைக் கேட்டு, போன சனிக்கிழமை கூலி வாங்குகிற நேரத்தில் பதினான்கு பேரும் சேர்ந்தாற்போல வந்து நின்றிருக்கிறார்கள். எல்லாருக்காகவும் பேசியது சவரியம்மா.

“ஒண்ணேகால் ரூவாயில மாடி வீடா கட்டப்போறாளுக?” என்றாள் அத்தை, அப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே.

“அதுக்கில்ல” என்றார் அப்பா. “கையில காசு கூடுச்சுன்னா ஆறு நாள் வாரவ அஞ்சு நாள்தான் வருவா. அதான் அவளுக குணம். ஒரு தடவ ஏத்துனா ஏத்துனதுதான் மாப்ளே, பொறவு எறக்க முடியாது.”

அப்பாவுக்குப் பஞ்சப்படி கூடி, பழைய மாதங்களுக்கான தொகையும் சேர்ந்து வந்து, அதில் வீட்டுக்கு மிக்ஸி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்காக அப்பா யார் முன்னாலும் போய் நின்றதில்லை. பேப்பரில் போடுவார்கள், அப்பா இரண்டு தடவை படிப்பார், அம்மாவைக் கூப்பிட்டு ஒரு தடவை படித்துக் காட்டுவார், பிறகு அது சம்பளத்தோடு வந்துவிடும். அது வந்த பிறகு ஆபீசுக்கு அப்பா ஒரு நாள் குறைத்துப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் கேட்டேன்: “அம்புட்டு சின்னத் தொகைன்னா குடுத்துறலாம்ல மாமா?”

“பேசாம சாப்பிடு” என்றாள் அத்தை. ஆனால் மாமா எனக்குப் பதில் சொன்னார்.

“சின்னதுதான்டி. ஒண்ணேகால் என்ன, அஞ்சு ரூவாகூட நானா குடுப்பேன். இது நானா குடுக்கிறது இல்லையே. சர்க்கார் சொல்லிட்டான், எடுத்து வையின்னுல்ல வந்து நிக்காளுக.”

அவர் குரலில் கோபமே இல்லை. யாரோ அவருடைய பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டது போல் இருந்தது. “அதுவும் சவரியம்மா வாயில இருந்து வரும்னு நான் நெனைக்கல அத்தான்” என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மோரை வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. சவரியம்மாவின் வீட்டுக்காரர் பஞ்சு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றும்போது பொதி சரிந்து அவர் இடுப்பில் விழுந்துவிட்டது. ஆள் பிழைக்கமாட்டார் என்று சொன்னார்கள். மாமா டாக்ஸி பிடித்து, தாமே முன் சீட்டில் உட்கார்ந்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று நாள் அங்கேயே இருந்தார். ஆன செலவை அவர் சொன்னதும் இல்லை, திருப்பிக் கேட்டதும் இல்லை. அந்த மனிதர் இப்போது குனிந்து பாரம் தூக்க முடியாவிட்டாலும் நடமாடிக்கொண்டிருந்தார். அதனால்தான் அந்த வீட்டில் நாலு பேர் வயிறும் சவரியம்மாவின் கையை நம்பி இருந்தது. அத்தைக்கும் மாமாவுக்கும் முதல் பாதி மட்டும் ஞாபகம் இருந்தது. எனக்கு இரண்டாவது பாதி தெரியவே தெரியாது.

தீபாவளிக்குக் கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் மாமா சேலை எடுத்துக் கொடுப்பார். சவரியம்மா வேதக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்குத் தனியாக எடுப்பது வழக்கம். மற்றவர்களுக்கு எடுத்த அதே விலையில்தான் எடுப்பார்கள். இந்தத் தடவை மாமா அத்தையிடம், “நல்லதா எடு. வெல பாக்காத” என்று சொல்லி அனுப்பினார். நானும் கூடப் போனேன். ஜவுளிக்கடைக்காரர் விரித்துப் போட்டதில் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு சேலையை நான்தான் காட்டினேன். நூற்றைம்பது ரூபாய். அத்தை அதைத் தொட்டாள், தள்ளி வைத்தாள், மறுபடியும் தொட்டாள்.

“இது ஒனக்கே நல்லாருக்கும் அத்தை” என்றேன்.

“எனக்கு எதுக்கு? அவதான் அந்தக் கூட்டத்துக்கே வாய். அந்த வாய அடைச்சாச்சுன்னா மத்தது தானா அடங்கும்” என்று சொல்லி, பில் போடச் சொல்லிவிட்டாள். வாயை அடைக்கச் சேலை எதற்கு, ஜன்னலில் இருக்கிற பால்கோவா போதாதா என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் மாமா என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினார். வழக்கமாகச் சவரியம்மாதான் வீட்டுக்கு வந்து சேலையை வாங்கிப் போவார். இந்த வருஷம் மாமாவே போகிறார் என்பதில் அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கோ ஸ்கூட்டரில் போகிற சந்தோஷம். அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஓட்டு வீடுகள் நாலைந்து வரிசை. மலை அவ்வளவு பக்கத்தில் நின்றது. மார்கழிப் பனி அதற்குள் அடிவாரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் காகித நட்சத்திரம் தொங்கியது. சவரியம்மாவின் வீட்டு நட்சத்திரத்தில் ஒரு மூலை கிழிந்து, அதில் எங்கள் கம்பெனி நீலத்தாளை ஒட்டியிருந்தார்கள்.

மாமா ஸ்கூட்டரை நிறுத்தி, பையிலிருந்து சேலைப் பொட்டலத்தை எடுத்தார். வாசற்படிக்கு இரண்டு எட்டு இருக்கும்போது அதை என் கையில் கொடுத்தார்.

“நீயே குடு. பிள்ள கையால குடுத்தா நல்லது” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கலெக்டர் வந்தால் மாலை போடுவதற்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்களே, அந்தப் பிள்ளையாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

சவரியம்மா ஓடி வந்தார். “மொதலாளி, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்? சொல்லி விட்டா நான் வரமாட்டேனா?” என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டார். மூலையில் வைக்கோல் பரப்பிக் குடில் வைத்திருந்தார்கள். என் வயதுள்ள அவர் மகள் என்னைக் கண்டதும், குடிலில் இருக்கிற மாடுகளை எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தாள்.

நான் பொட்டலத்தை நீட்டினேன்.

சவரியம்மா அதைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“மொதலாளி, நாங்க கேட்டது வந்து...”

“நல்ல நாளும் அதுவுமா கம்பெனிப் பேச்சு எதுக்கு?” என்றார் மாமா சிரித்தபடி. “பிள்ள நீட்டிக்கிட்டே நிக்குல்ல.”

எனக்கு உண்மையிலேயே கை வலித்தது. சேலையின் கனம் அல்ல, இரண்டு கையையும் அப்படி ஏந்தியபடி நிற்பது வலித்தது. “வாங்கிக்கோ சவரியம்மா, நான் எடுத்த சேல” என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கினார். “நல்லா இரு தாயி” என்று என் தலையைத் தொட்டார். பிரித்துப் பார்க்கச் சொல்லி நான் விடவில்லை. பிரித்தார். அவர் மகள் அரக்குக் கரையை ஒரு விரலால் நீளத் தடவிப் பார்த்து, “எம்மா, கல்யாணப் பொண்ணு சேலயா இது?” என்று கேட்டாள். வீட்டுக்காரர் சிரித்தார், மாமா சிரித்தார், நான் சிரித்தேன். சவரியம்மா மட்டும் சேலையைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடிப்பதில் கவனமாக இருந்தார். கிளம்பும்போது எனக்கு ஒரு காகிதம் நிறைய அச்சுமுறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் இருந்த பால்கோவாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டார்.

மறுநாள் கொட்டகையில் வேலை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் போய்ச் சவரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பழைய பச்சைச் சேலையில் வந்திருந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

“ஏன் சவரியம்மா, நான் குடுத்த புதுச்சேலைய ஏன் கட்டிட்டு வரல?” என்று கேட்டேன். என் குரல் எப்போதும் சத்தமானது. “நூத்தம்பது ரூவா சேல! மாமா வீட்டுக்கே வந்து குடுத்தாரே!”

சவரியம்மா யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? துணி கிழிகிற சத்தம் முதலில் எதிர் வரிசையில் நின்றது. பிறகு எங்கள் வரிசையில் நின்றது. உருட்டுகிற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு எல்லாம் ஒன்றுபோல் மறுபடியும் தொடங்கின, முன்னைவிட வேகமாக.

ராக்கு என்று ஒருத்தி இருந்தாள், எப்போதும் சவரியம்மாவின் இடது கைப் பக்கம் உட்காருகிறவள், அவருக்கு ரொம்ப வேண்டியவள். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நல்ல காரியம்தான. எங்களுக்காகப் பேசப் போனவளுக்குக் கூலி வேணும்ல” என்றாள்.

சவரியம்மாவின் கையிலிருந்த சுருள் அவிழ்ந்து தரையில் ஓடியது. நான் சுற்றியது மாதிரி. நான்தான் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டு வந்தபோது ராக்கு எதிர் வரிசைக்கு மாறியிருந்தாள். அதற்கு அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். டீ வந்தால் டம்ளர்களை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வார்கள். சவரியம்மாவின் டம்ளரைத் தட்டிலேயே விட்டுவிட்டார்கள், அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். ஒரு நல்ல சேலைக்காக இவ்வளவு பொறாமையா என்று எனக்கு அவர்கள் எல்லார் மேலும் வெறுப்பு வந்தது. மாமாவிடம் சொன்னேன். யார் யார் தள்ளி உட்கார்ந்தார்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. சவரியம்மாவைச் சமாதானப்படுத்தலாம் என்று, “அவளுகளுக்குப் பொறாம. நீ கண்டுக்காத” என்று சொன்னேன். அவர் என் தலையில் படிந்திருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு, “நீ போய் வெளையாடு பாப்பா” என்றார். அதற்கு முன் அவர் என்னை எழுந்து போகச் சொன்னதே இல்லை.

சனிக்கிழமை வந்தது. கூலி கொடுக்கும் நாளில் கொட்டகையின் ஓரத்தில் மாமாவுக்கு ஒரு மேஜை போடுவார்கள். அன்று யாரும் கூட்டமாக வந்து நிற்கவில்லை. பழையபடி ஒவ்வொருவராக வந்து பழைய கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சவரியம்மாவைக் கூப்பிட்டார். அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றார். அதிலிருந்து சேலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். குழாயடிக்குப் போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

“எதுக்கு இத எடுத்துட்டு வந்த?” என்றார் மாமா. “பிள்ள குடுத்தத திருப்பித் தருவாங்களா?”

“தரல மொதலாளி. பாப்பா கையால வாங்குனத திருப்பித் தந்தா நான் மனுசியா? இது எம்புட்டுன்னு கேக்கத்தான் கொண்டாந்தேன்.”

“அன்பாக் குடுக்கிறதுக்கு வெல கேப்பாகளா?”

“நூத்தம்பது ரூவா!” என்றேன் நான். மாமா அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல சேலை என்று எல்லாருக்கும் தெரியட்டுமே என்றும் இருந்தது.

சவரியம்மா என் பக்கம் திரும்பினார். “ஒண்ணேகால் ரூவா வீதம் நூத்தம்பது ரூவாய்க்கு எத்தன நாளு ஆகும் பாப்பா?”

அரைப்பரீட்சையில் கணக்கில் நான் தொண்ணூற்றெட்டு. நாலு நாளைக்கு அஞ்சு ரூபாய். அஞ்சு ரூபாய் முப்பது தடவை போனால் நூற்றைம்பது. கண்ணை ஒரு முறை மூடித் திறந்துவிட்டு, “நூத்தி இருவது நாள்!” என்று கத்தினேன்.

“அம்புட்டுத்தான் மொதலாளி” என்றார் சவரியம்மா. “மத்தவளுகளுக்கு இந்தத் திங்கக்கெழமையில இருந்து கூட்டிப் போட்டுக் குடுங்க. எனக்கு நூத்தி இருவது நாள் கழிச்சுக் குடுத்தாப் போதும். சேலக் கணக்கு அதுல நேராயிரும். எங்க வீட்டு ஆளுக்கு நீங்க செஞ்சத என்னால நேராக்க முடியாது, அதுக்கு நான் சாகுறவரைக்கும் கும்புடுவேன். ஆனா அது வேற மொதலாளி. இது நாங்க செஞ்ச வேலைக்கு.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதை அடைக்கவில்லை. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கணக்கைச் சரியாகச் சொன்னதற்கு அவர் எப்போதும் என் முதுகில் தட்டுவார். அன்று தட்டவில்லை. சேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டைப் பிரித்து, அதைப் பார்த்தபடியே, “சரி. திங்கக்கெழமையில இருந்து எல்லாருக்கும் கூட்டித் தாரேன். நீயும் வாங்கிக்க. நாள் கணக்கெல்லாம் வேண்டாம்” என்றார்.

“வேண்டாம் மொதலாளி. எனக்கு நூத்தி இருவது நாள் கழிச்சு” என்றார் சவரியம்மா. கூலியை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, சேலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வாசலில் ராக்கு அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சேர்ந்து நடந்து போனார்கள்.

அடுத்த நாள் அப்பா வந்து என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். “மாமாவுக்கு எளகின மனசு, அதான் ஏச்சுட்டாளுக” என்றார் அப்பா. நூற்றிருபது நாள் என்று நான் மனக்கணக்காகச் சொன்னதை மட்டும் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

முழுப்பரீட்சை முடிந்து மே மாதம் நான் மறுபடியும் ராஜபாளையம் போனேன். ஒன்றேகால் ரூபாயால் கம்பெனி முங்கிவிடவில்லை. மாமா புதிதாகக் கைமெஷின் நாலு வாங்கிப் போட்டிருந்தார். ஆறு நாள் வந்தவர்கள் ஆறு நாளும்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் கொட்டகைச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. ஒன்பது மணிக்கு மேல் வந்தால் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் மாமா எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கிற மிக்சர் பொட்டலம் நின்றுபோயிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாம் இனிமே சட்டப்படி” என்றார். மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தவர்களுக்கும், பணப்பையைத் தொலைத்தவருக்கும் மட்டும் பழையபடியே கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் எந்தச் சட்டத்தையும் சொல்லிக் கேட்கவில்லை.

சவரியம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், இடது பக்கத்தில் ராக்கு. என்னைக் கண்டதும் இரண்டு பேரும் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். நான் செய்த காரியத்துக்கு அப்படி இடம் விட்டிருக்க வேண்டியதில்லை. அது எனக்கு அப்போது தெரியாததால் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டேன். ஐந்து மாதம் ஆகியும் அந்த மஞ்சள் சேலையைக் கட்டி நான் பார்க்கவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஈஸ்டருக்காவது கட்டினாயா என்று கேட்டேன். இல்லை என்றார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“பிடிக்காம என்ன பாப்பா? பெட்டிக்குள்ள வேப்பிலை போட்டு வச்சிருக்கேன்” என்றார். “பழைய கூலிதான வாங்குறேன், இன்னும் பதினேழு நாளு கெடக்கு. அதுக்குப் பொறவுதான அது என் சேல.”

மத்தியானம் சாப்பிடும்போது இதை மாமாவிடமும் அத்தையிடமும் சொன்னேன், சிரிப்பார்கள் என்றுதான் சொன்னேன். நான் என் கையால் கொடுத்த சேலையை இன்னும் தன்னுடையது இல்லை என்கிறாரே, அந்தக் கிறுக்குத்தனத்தை அவர்களும் ரசிக்கட்டும் என்று சவரியம்மாவின் குரலிலேயே பேசிக் காட்டினேன். அத்தை சிரித்தாள்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். “பதினேழு நாள்னா சொன்னா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார்.

குழம்பில் உப்பு கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் என் இலையில் இருந்த குழம்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.